ஆஷ்விட்ஸிலிருந்து தப்பிய இரு இளைஞர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1944 ஏப்ரலில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த போலந்தில், ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து ருடால்ஃப் வெர்பா, ஆல்ஃபிரட் வெட்ஸ்லர் என்னும் இரண்டு ஸ்லோவாக்கிய யூத இளைஞர்கள் தப்பினார்கள். கொடுங்கோல் அரசு, சிறை, தப்பித்தல் ஆகியவற்றை வைத்து எழுதப்படும் இளையோர் நாவல்களை விரும்பிப் படிக்கும் மாணவர்கள், புத்தகத்தை மூடியதும் "இப்படியெல்லாம் உண்மையில் நடந்திருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். நடந்திருக்கிறது. அவர்களுக்காகவும், அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய பெற்றோர், ஆசிரியர்களுக்காகவும் இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

இந்த இருவரும் யார்? தப்பியபோது அவர்களுக்கு என்ன வயது?

வெர்பாவுக்கு 19 வயது. வெட்ஸ்லருக்கு 26 நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. வெர்பாவின் இயற்பெயர் வால்ட்டர் ரோசன்பர்க். 1924 செப்டம்பர் 11 அன்று ஸ்லோவாக்கியாவின் டோபோல்சானி ஊரில் பிறந்தவர். தப்பி வந்த பிறகு, தேடும் போலீசாரிடம் சிக்காமல் இருக்கப் போலி ஆவணங்களில் எழுதப்பட்ட பெயர்தான் ருடால்ஃப் வெர்பா. அதையே அவர் வாழ்நாள் முழுதும் வைத்துக்கொண்டார். வெட்ஸ்லர் 1918 மே 10 அன்று டிர்னாவா நகரில் பிறந்தவர். வெர்பாவின் குடும்பம் பின்னர் குடியேறியதும் டிர்னாவாவில்தான் என்பதால் இருவருக்கும் ஊர்ப் பழக்கம் உண்டு. முகாமில் ஒருவரையொருவர் நம்ப முடிந்ததற்கு அது முக்கியமான காரணம். யார் எப்போது யாரைக் காட்டிக்கொடுப்பார் என்று தெரியாத இடத்தில், சிறுவயது முதல் தெரிந்த ஒரு முகம் பெரிய பலம்.

பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் வெர்பா அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

படிப்படியாகத்தான். அந்தப் படிகளை இளம் வாசகர்கள் கவனித்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1939இல் ஜெர்மனியின் நிழலில் தனி நாடான ஸ்லோவாக்கியா, யூதர்களுக்கு எதிரான சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக இயற்றியது. யூதர்கள் எங்கே வசிக்கலாம், என்ன தொழில் செய்யலாம், எங்கே பயணம் செய்யலாம் என்பதையெல்லாம் அரசே முடிவு செய்தது. ஆடையில் மஞ்சள் நட்சத்திரம் கட்டாயமாயிற்று. பதினைந்து வயதில் வெர்பா உயர்நிலைப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். கூலி வேலை செய்துகொண்டே, ஏற்கெனவே அறிந்த மொழிகளோடு ஆங்கிலத்தையும் ரஷ்ய மொழியையும் தாமாகவே கற்றார்.

1942 மார்ச்சில் ஸ்லோவாக்கிய யூதர்களை ஜெர்மானியரிடம் ஒப்படைக்கும் வேலை தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபருக்குள் ஏறக்குறைய 58,000 பேர் அனுப்பப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் 500 ஜெர்மன் மார்க் என்ற கணக்கில் ஸ்லோவாக்கிய அரசே ஜெர்மனிக்குப் பணம் கட்ட ஒப்புக்கொண்டது. தன் குடிமக்களை அழைத்துச் செல்வதற்கு ஓர் அரசு கட்டணம் செலுத்தியது என்பதைக் கற்பனைக் கதையில் எழுதினால் மிகைப்படுத்தல் என்பார்கள்.

வெர்பா அடங்கிப் போகவில்லை. ஹங்கேரி வழியாக இங்கிலாந்துக்குப் போய்ப் படையில் சேரலாம் என்று புறப்பட்டு, எல்லையில் பிடிபட்டார். நோவாக்கி இடைத்தங்கல் முகாமில் அடைக்கப்பட்டு, அங்கிருந்தும் தப்பி, மறுபடி பிடிபட்டார். 1942 ஜூனில் மைடானெக் முகாமுக்கு அனுப்பப்பட்டார். பண்ணை வேலைக்கு ஆள் வேண்டும் என்று அங்கே அறிவித்தபோது, வெட்டவெளியில் வேலை கிடைத்தால் தப்புவது எளிது என்று எண்ணித் தாமே பெயர் கொடுத்தார். அந்த ரயில் 1942 ஜூன் 30 அன்று அவரைக் கொண்டு சேர்த்த இடம் ஆஷ்விட்ஸ். இடது கையில் 44070 என்று பச்சை குத்தினார்கள். வெட்ஸ்லர் அதற்கு முன்பே, ஏப்ரலில், 29162 என்ற எண்ணோடு அங்கே இருந்தார்.

ஆஷ்விட்ஸ் எப்படி இயங்கியது? உள்ளே வருபவர்களுக்கு எதுவும் தெரியாதா?

தெரியாது என்பதுதான் அந்த முகாமின் முழு இயக்கத்துக்கும் அடிப்படை. "கிழக்கே குடியமர்த்தப் போகிறோம், வேலை தருவோம்" என்று சொல்லித்தான் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ரயிலேற்றினார்கள். மக்கள் சமையல் பாத்திரங்களையும் குளிர்கால உடைகளையும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். சரக்குப் பெட்டிகளில் பல நாள் தண்ணீரில்லாமல் அடைபட்டு வந்து இறங்கியவுடன், வேலை செய்யத் தகுந்தவர்கள் என்று ஒரு சிறு பகுதியினரைப் பிரித்து எடுத்தார்கள். முதியோர், குழந்தைகள், குழந்தைகளை உடைய தாய்மார் என மற்ற எல்லோரும், குளிக்கப் போகிறோம் என்று நம்பவைக்கப்பட்டு, சில மணி நேரத்துக்குள் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டார்கள். மொத்தத்தில் ஏறத்தாழ 13 லட்சம் பேர் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டு, சுமார் 11 லட்சம் பேர் அங்கே உயிரிழந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள்.

வெர்பா இதை மிக நெருக்கத்தில் பார்த்தவர். 1942 ஆகஸ்ட் முதல் 1943 ஜூன் வரை, வந்தவர்களின் உடைமைகளைப் பிரித்து அடுக்கும் கிடங்குகளில் அவருக்கு வேலை. அங்கே எல்லாப் பொருளும் குவிந்து கிடந்ததால், செல்வம் கொழிக்கும் நாடு என்ற பொருளில் கைதிகள் அந்த இடத்தைக் "கனடா" என்று அழைத்தார்கள். ரயில் வந்து நிற்கும் மேடைக்குப் போய் மூட்டைகளை இறக்குவதும் இறந்தவர்களின் உடல்களை அப்புறப்படுத்துவதும் பெட்டிகளைத் துப்புரவு செய்வதும் அதே குழுவின் பொறுப்பு. அடுத்த ரயில் வந்து நிற்கும்போது முந்தைய ரயிலின் சுவடு எதுவும் மேடையில் இருக்கக் கூடாது என்பது கட்டளை.

வெர்பா தமக்குள் வந்து சேர்ந்த முடிவு அங்கே பிறந்ததுதான். இங்கே துப்பாக்கி ஏந்தியவர்கள் சிலர், இறங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில். என்ன காத்திருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்தால் மக்கள் ரயிலேற மறுப்பார்கள், ஓடுவார்கள், ஒளிவார்கள், குறைந்தபட்சம் கூச்சல் குழப்பமாவது உண்டாகும். அப்போது இந்தக் கொலைத் தொழிற்சாலை இத்தனை சீராக ஓடாது. ஆகவே யாராவது வெளியே போய்ச் சொல்லியாக வேண்டும் என்று அவர் தீர்மானித்தார்.

தப்புவது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது?

முகாமுக்கு இரண்டு வளையங்கள் இருந்தன. கைதிகள் இரவில் உறங்கும் பகுதியைச் சுற்றி மின்சாரம் பாயும் முள்வேலியும் காவல் கோபுரங்களும் இருந்தன. பகலில் கைதிகள் வேலை செய்யும் பெரும் பரப்பைச் சுற்றி இன்னொரு காவல் வளையம் இருந்தது. மாலையில் எல்லோரும் உள்வேலிக்குள் வந்து எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் வெளி வளையக் காவலர்கள் கலைந்து போவார்கள். ஒருவர் குறைந்தாலும் சங்கு ஒலிக்கும். வெளி வளையம் மூன்று இரவும் மூன்று பகலும் அப்படியே நிற்கும். நாய்களோடு தேடுதல் நடக்கும்.

இதைத் தாண்டினாலும் மொட்டைத் தலையும் கையில் குத்திய எண்ணும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்த போலந்து மக்களில் பெரும்பாலோரை வெளியேற்றிவிட்டு ஜெர்மானியரைக் குடியமர்த்தியிருந்தார்கள். தப்பியவர்களுக்கு யாராவது தண்ணீர் கொடுத்தால்கூட, கொடுத்தவர்களுக்கு மரண தண்டனை. பிடிபட்டவர்களை எல்லோர் முன்னிலையிலும் தூக்கிலிட்டார்கள். சுடப்பட்டவர்களின் உடல்களை மற்றவர்கள் பார்க்கும்படி வாசலில் வைத்தார்கள். பிடிபடாவிட்டால் உடன் இருந்த கைதிகளைப் பட்டினி போட்டுக் கொன்ற நாட்களும் உண்டு.

பிறகு எந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள்?

மூன்று நாள் என்ற அந்த விதியையேதான். மூன்று நாளாகியும் ஆள் கிடைக்கவில்லை என்றால், அவன் வெகுதூரம் போய்விட்டான் என்று முடிவு செய்து வெளி வளையத்தைக் கலைத்துவிடுவார்கள். அப்படியானால், இரண்டு வளையங்களுக்கும் நடுவில் மூன்று நாள் கண்ணில் படாமல் ஒளிந்திருந்து, காவல் கலைந்த பிறகு நடந்து போய்விடலாம்.

ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவ் முகாமை விரிவாக்கும் கட்டுமானம் நடந்துகொண்டிருந்த பகுதியில் மரப்பலகைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அந்த அடுக்குக்குள் சில கைதிகள் ஒரு பொந்து அமைத்திருந்தார்கள். வெர்பாவுக்கு முன்பே அதில் ஒளிந்து தப்பிய ஒரு குழு சில நாட்களில் வெளியே பிடிபட்டது. சித்திரவதை செய்தும் அவர்கள் அந்த மறைவிடத்தை மட்டும் சொல்லவில்லை. அவர்கள் வாய் திறந்திருந்தால் வெர்பாவும் வெட்ஸ்லரும் தப்பியிருக்க முடியாது. இந்த வரலாற்றைச் சொல்லும்போது பலர் இதை ஒரு வரியில் கடந்து போகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

நாய்களை ஏமாற்றும் வழியைச் சொல்லிக்கொடுத்தவர் சோவியத் போர்க்கைதி ஒருவர். ரஷ்யப் புகையிலையைப் பெட்ரோலில் ஊறவைத்து நன்றாகக் காயவைத்துத் தூவினால் நாயால் மனித வாடையைப் பிரித்தறிய முடியாது என்றார். புகையிலை ரஷ்யப் புகையிலையாகவே இருக்க வேண்டும், முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

பலகை அடுக்குக்குள் இருந்த மூன்று நாட்களில் என்ன நடந்தது?

1944 ஏப்ரல் 7, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி அளவில் இருவரும் பொந்துக்குள் இறங்கினார்கள். கிறிஸ்தவர்களுக்கு அன்று புனித வெள்ளி. அன்று மாலை யூதர்களின் பாஸ்கா விழா தொடங்க இருந்தது. உடன் வந்த இரண்டு போலந்துக் கைதிகள் மேலே பலகைகளை மூடிவிட்டு எதுவும் நடக்காததுபோல் வேலைக்குத் திரும்பினார்கள். உள்ளே இருவரும் புகையிலைத் தூளைச் சந்துகளிலெல்லாம் தூவினார்கள். மாலைக் கணக்கெடுப்பில் இரண்டு பேர் குறைந்ததும் சங்கு ஒலித்தது.

இருமல் வந்தால் எல்லாம் முடிந்தது. அதனால் வாயைச் சுற்றிக் கட்டிக்கொள்ளத் துணிப்பட்டைகள் வைத்திருந்தார்கள். கையும் காலும் நீட்ட முடியாத இடம். வெளியே இன்னும் குளிர்காலம் முழுதாக விலகவில்லை. பூட்ஸ் ஓசையும் நாய்களின் மோப்பமும் தலைக்கு மேலே வந்து வந்து போயின. ஒரு கட்டத்தில் ஜெர்மன் கைதிகள் இருவர் அந்த அடுக்கின் மேல் சந்தேகப்பட்டு, பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடத் தொடங்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் கத்தியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் முகாமின் வேறொரு பக்கத்தில் ஏதோ ஆரவாரம் கேட்டது. தேடியவர்கள் அங்கே ஓடிவிட்டார்கள், திரும்பி வரவில்லை.

ஏப்ரல் 10 மாலை, காவல் வளையத்தைக் கலைக்கும் உத்தரவு கோபுரத்துக்குக் கோபுரம் உரக்கச் சொல்லப்படுவது கேட்டது. இருட்டிய பிறகும் அவர்கள் அவசரப்படவில்லை. இரவு ஒன்பது மணிவாக்கில் மேலே இருந்த பலகையைத் தள்ளியபோது அது அசையவில்லை. மூன்று நாள் மரத்துப்போன உடம்போடு இருவரும் சேர்ந்து நெம்பித்தான் திறந்தார்கள். வயிற்றால் ஊர்ந்து, காலியாக நின்ற காவல் கோபுரங்களைக் கடந்தார்கள்.

எப்படி எல்லையை அடைந்தார்கள்?

சோலா ஆற்றுப் போக்கை ஒட்டித் தெற்கே நடந்தார்கள். ஸ்லோவாக்கிய எல்லை வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நடை. வரைபடம் கையில் இல்லை. கிடங்கு வேலைக் காலத்தில், கொல்லப்பட்ட ஒரு குழந்தையின் உடைமைகளுக்குள் கிடைத்த பள்ளி நிலப்படத்திலிருந்து அந்தப் பகுதியை வெர்பா மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அந்தப் படம் எந்த ஊர்க் குழந்தையுடையதோ!

பகலில் காட்டில் பதுங்கினார்கள், இரவில் நடந்தார்கள். ஒருமுறை ஜெர்மன் காவல்படை அவர்களைக் கண்டு சுட்டது. பனி படர்ந்த மலைச்சரிவில் ஓடித் தப்பினார்கள். கால்கள் வீங்கி, பூட்ஸை வெட்டி எடுக்க வேண்டிய நிலை வந்தது. ஒரு போலந்துப் பெண் உருளைக்கிழங்கும் உறங்க இடமும் கொடுத்தார். இன்னொருவர் எல்லை வரை வழிகாட்டினார். உதவிய அந்தப் போலந்து மக்கள் வைத்த பந்தயம் தங்கள் குடும்பத்தாரின் உயிர். ஏப்ரல் 21 அன்று ஸ்கலிட்டே கிராமத்துக்கு அருகே இருவரும் எல்லையைத் தாண்டினார்கள்.

ஏன் குறிப்பாக 1944 ஏப்ரலில் தப்ப முடிவு செய்தார்கள்?

வெர்பா அதற்கு முன்பே பலமுறை தப்பத் திட்டமிட்டிருந்தார். ஆனால் அந்த ஆண்டு மார்ச்சில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் அவரை உந்தின. தெரேசியன்ஸ்டாட் யூதக் குடியிருப்பிலிருந்து 1943 செப்டம்பரில் கொண்டுவரப்பட்ட செக் குடும்பங்களைப் பிள்ளைகளோடு ஒரே பகுதியில் சேர்த்து வாழவிட்டிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து, 1944 மார்ச் 8 இரவு, அவர்களில் ஏறக்குறைய 3,800 பேரை ஒரே இரவில் கொன்றார்கள். பதிவு எழுத்தராக இருந்த வெர்பா அந்தப் பகுதியினரோடு பழகியவர். எழுச்சி செய்யுங்கள் என்று அவர்களின் தலைவரிடம் மன்றாடியவர். எழுச்சி நடக்கவில்லை.

மார்ச் 19 அன்று ஜெர்மனி ஹங்கேரியை ஆக்கிரமித்தது. ஐரோப்பாவில் அதுவரை பெருமளவு தப்பியிருந்த யூத சமூகம் அங்கேதான் இருந்தது. பிர்கெனாவின் வாயு அறைகளுக்கு அருகிலேயே ரயில் வந்து நிற்கும்படி புதிய தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்து வரப்போவது ஹங்கேரிய யூதர்களே என்று முகாமில் அப்போதே தெரிந்திருந்ததாக வெர்பா பிற்காலத்தில் உறுதியாகச் சொன்னார். அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்குமா என்று சில வரலாற்றாசிரியர்கள் ஐயப்படுகிறார்கள். எப்படியானாலும், வெளியே வந்து அவர்கள் சொன்ன செய்தி ஹங்கேரியர்களுக்குத்தான் மிக அவசரமாகத் தேவைப்பட்டது.

அவர்கள் சொன்னதை யாரும் நம்பினார்களா?

நம்பவைக்க இருவரும் தயாராகவே வந்திருந்தார்கள். ஜிலினா நகரில் ஸ்லோவாக்கிய யூத அமைப்பின் பொறுப்பாளர்கள் அவர்களைத் தனித்தனி அறைகளில் வைத்து விசாரித்தார்கள். ஸ்லோவாக்கியாவிலிருந்து எந்த நாளில் எந்த ரயிலில் யார் அனுப்பப்பட்டார்கள் என்ற பட்டியல் அந்த அமைப்பிடம் இருந்தது. இருவரும் சொன்ன தேதிகளும் எண்களும் பெயர்களும் அதனோடு பொருந்தின. ஏப்ரல் 27க்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் அறிக்கை தயாரானது. முகாமின் அமைப்பு, வாயு அறைகளின் வரைபடம், நாடு வாரியாக வந்தவர்களின் கணக்கு ஆகியவை அதில் இருந்தன. உணர்ச்சி வசப்பட்ட சொல் ஒன்றைக்கூட அதில் காண்பது அரிது. வறண்ட கணக்கேடு போலத்தான் இருக்கும். படிக்கும்போது உடல் நடுங்குவது அதனால்தான்.

அத்தனை எண்களையும் காகிதமில்லாமல் எப்படி நினைவில் வைத்தார்கள்?

நாஜிகளின் ஒழுங்கே இதற்கு உதவியது. முகாமுக்குள் எடுத்துக்கொள்ளப்பட்ட ஒவ்வொருவருக்கும் வரிசை எண் உண்டு. ஆகவே ஒரு குறிப்பிட்ட எண் வரிசை எந்த நாட்டு ரயிலுக்கு உரியது என்று தெரிந்தால், அந்த ரயிலில் வந்தவர்களில் எத்தனை பேர் உயிரோடு உள்ளே விடப்பட்டார்கள் என்பது விளங்கும். மேடையில் நின்றபோது பெட்டிகளை எண்ணி, பெட்டிக்கு எத்தனை பேர் என்று வெர்பா கணித்தார். மொத்தத்திலிருந்து எண் பெற்றவர்களைக் கழித்தால் மிச்சம் கொல்லப்பட்டவர்கள். பின்னர் தனிமைப்படுத்தும் பகுதியின் எழுத்தராக அவர் நியமிக்கப்பட்டதால் புதிதாக வருவோரிடம் நேரடியாகப் பேச முடிந்தது. வெட்ஸ்லரும் எழுத்தர்; பிணவறைப் பதிவுகளை எழுதியவர். வாயு அறைகளின் உட்புற விவரங்களை, அங்கே பிணங்களை அகற்றும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகளிடமிருந்து, குறிப்பாக ஃபிலிப் முல்லரிடமிருந்து பெற்றார்கள். ஒவ்வொரு புது எண்ணையும் பழைய வரிசையோடு சேர்த்து, மந்திரம் உருப்போடுவதுபோல முதலிலிருந்து சொல்லிச் சொல்லியே வெர்பா மனத்தில் பதித்தார்.

அறிக்கையின் மொத்தக் கணக்கு, 1942 ஏப்ரல் முதல் 1944 ஏப்ரல் வரை கொல்லப்பட்ட யூதர்கள் 17,65,000 பேர் என்று சொன்னது. இன்றைய ஆய்வுகளின்படி அது கூடுதலான மதிப்பீடு. இதைச் சாக்காக வைத்து அறிக்கையையே பொய் என்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று நாள் பொந்தில் கிடந்து, பதினோரு நாள் நடந்து வந்த இருவர், கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல் கொடுத்த கணக்கு அது. ரயில்கள், எண் வரிசைகள், கட்டடங்கள் பற்றிய விவரங்களைப் பின்னர் கிடைத்த ஆவணங்கள் பெருமளவுக்கு உறுதி செய்தன.

எச்சரிக்கை உரியவர்களைச் சேர்ந்ததா?

இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கும் பகுதி இது. ஏப்ரல் இறுதியிலேயே அறிக்கை ஹங்கேரியத் தலைநகர் புடாபெஸ்டில் இருந்த யூதத் தலைவர்களில் ஒருவரான ருடால்ஃப் காஸ்ட்னரின் கைக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் ஹங்கேரியச் சிற்றூர்களில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த மக்களுக்கு அது சொல்லப்படவில்லை. மே 15 முதல் ஜூலை 9 வரை, எட்டே வாரங்களில், ஏறத்தாழ 4,37,000 ஹங்கேரிய யூதர்கள் ரயிலேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் ஆஷ்விட்ஸில் இறங்கிய அன்றே கொல்லப்பட்டார்கள். அவர்கள் அறியாமல்தான் ஏறினார்கள். வெர்பா எந்த ஒன்றைத் தடுப்பதற்காகத் தப்பி வந்தாரோ, அது அப்படியே நடந்தது.

ஜூனில் அறிக்கையின் சுருக்கம் சுவிட்சர்லாந்தில் இருந்த ஜார்ஜ் மான்டெல்லோவை அடைந்தது. எல் சால்வடோர் நாட்டின் தூதரகத்தில் பணியாற்றிய அவர், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அதைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். சில வாரங்களில் சுவிஸ் நாளிதழ்களில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வெளிவந்தன. போப்பாண்டவர், ஸ்வீடன் மன்னர், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஆகியோரிடமிருந்து ஹங்கேரியின் ஆட்சித் தலைவர் ஹோர்த்திக்கு அழுத்தம் வந்தது. ஜூலை 2 அன்று புடாபெஸ்ட் மீது அமெரிக்கக் குண்டுவீச்சும் நடந்தது. போரும் ஜெர்மனிக்குப் பாதகமாகத் திரும்பியிருந்தது. இவையெல்லாம் சேர்ந்து, ஜூலை முதல் வாரத்தில் நாடுகடத்தலை நிறுத்தும்படி ஹோர்த்தி உத்தரவிட்டார். புடாபெஸ்டில் மிஞ்சியிருந்த ஏறக்குறைய 2,00,000 யூதர்கள் அப்போது ரயிலேறவில்லை. அக்டோபரில் ஹங்கேரிய நாஜிக் கட்சி ஆட்சியைப் பிடித்தபின் அவர்களிலும் பல்லாயிரம் பேர் உயிரிழந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காஸ்ட்னர் ஏன் மக்களிடம் சொல்லவில்லை?

அவர் நாஜி அதிகாரி ஐக்மனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். பணமும் பொருளும் கொடுத்து உயிர்களை மீட்கலாம் என்பது அவர் நம்பிக்கை. அந்தப் பேரத்தில் ஏறத்தாழ 1,700 பேர் ஒரு தனி ரயிலில் தப்பினார்கள். அந்தச் சிலருக்காக லட்சக்கணக்கானோரிடம் உண்மையை மறைத்தார் என்பது வெர்பாவின் குற்றச்சாட்டு. சாகும்வரை அவர் அதிலிருந்து இறங்கிவரவில்லை. 1955இல் இஸ்ரேல் நீதிமன்றம் ஒன்று காஸ்ட்னரைக் கடுமையாகச் சாடியது. 1957இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1958இல் உச்ச நீதிமன்றம் பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது.

யெஹுதா பாவர் போன்ற வரலாற்றாசிரியர்கள், செய்தி கிடைப்பது வேறு, அதை உண்மை என்று ஏற்று உள்வாங்குவது வேறு என்கிறார்கள். சொல்லியிருந்தாலும் பலர் நம்பியிருக்க மாட்டார்கள், ஆயுதமில்லாத முதியோராலும் பெண்களாலும் குழந்தைகளாலும் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆயினும் நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அந்த மக்களுடையது. அதை அவர்களுக்காக வேறு யாரும் முடிவு செய்திருக்கக் கூடாது என்பதே என் கருத்து. நூறில் ஒருவர் நம்பி எல்லையை நோக்கி நடந்திருந்தாலும் அது ஆயிரக்கணக்கான உயிர்.

நேச நாடுகள் ஏன் முகாமின் மீது குண்டு வீசவில்லை?

ரயில் பாதைகளையாவது தகர்க்கும்படி 1944 ஜூனிலேயே கோரிக்கை போனது. போர் நடவடிக்கைகளுக்கு வேண்டிய விமானங்களைத் திருப்ப முடியாது என்று அமெரிக்கப் போர்த்துறை மறுத்தது. ஆனால் முகாமை ஒட்டிய மோனோவிட்ஸ் தொழிற்சாலை மீது அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. வெர்பாவும் வெட்ஸ்லரும் ஒளிந்துகொள்வதற்கு மூன்று நாள் முன்பு, ஏப்ரல் 4 அன்று, அந்தத் தொழிற்சாலையைப் படமெடுக்க வந்த நேச நாட்டு விமானத்தின் கேமராவில் ஆஷ்விட்ஸ் முகாமும் பதிந்தது. படத்தைப் பார்த்தவர்கள் தேடியது தொழிற்சாலையை. முகாமை யாரும் கவனிக்கவில்லை.

இவர்களைத் தவிர வேறு யாரும் தப்பவில்லையா?

பலர் முயன்றார்கள், சிலர் வென்றார்கள். 1942 ஜூன் 20 அன்று கசிமியர்ஸ் பியெகோவ்ஸ்கி உள்ளிட்ட நான்கு பேர், முகாமைக் காவல் காத்த எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் சீருடை அணிந்து, முகாமின் காரிலேயே முன்வாசல் வழியாக வெளியேறினார்கள். உளவு அறியவென்றே வேண்டுமென்று கைதாகி உள்ளே போன போலந்து அதிகாரி விட்டோல்ட் பிலெக்கி 1943 ஏப்ரலில் தப்பினார். 1944 மே 27 அன்று செஸ்லாவ் மோர்டோவிச், ஆர்னோஷ்ட் ரோசின் ஆகியோர் தப்பி வந்து, ஹங்கேரிய ரயில்கள் வரத் தொடங்கிவிட்டதைச் சொன்னார்கள். அவர்கள் சாட்சியமும் பின்னர் வெர்பா, வெட்ஸ்லர் அறிக்கையோடு சேர்க்கப்பட்டது. அடுத்த மாதம், ஜூனில், மாலா சிமெட்பாமும் எடெக் கலின்ஸ்கியும் சேர்ந்து தப்பி, இரண்டு வாரங்களில் பிடிபட்டு உயிரிழந்தார்கள். எடெக்குக்கு அப்போது 20 வயது.

இருவரும் பிற்காலத்தில் என்ன ஆனார்கள்?

வெர்பா 1944 செப்டம்பரில் ஸ்லோவாக்கியக் கெரில்லாப் படையில் சேர்ந்து போரிட்டார். போருக்குப் பின் பிராகில் வேதியியல் படித்து முனைவர் பட்டம் பெற்றார். இஸ்ரேல், இங்கிலாந்து வழியாகக் கனடாவுக்குச் சென்று, வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருந்தியல் கற்பித்தார். ஃபிராங்க்ஃபர்ட்டில் 1964இல் ஆஷ்விட்ஸ் காவலர்கள் மீது நடந்த வழக்கில் சாட்சி சொன்னார். 2006 மார்ச் 27 அன்று காலமானார். வெட்ஸ்லர் செக்கோஸ்லோவாக்கியாவிலேயே இருந்து, பத்திரிகைத் துறையில் பணியாற்றி, தம் அனுபவத்தைப் புனைபெயரில் எழுதினார். 1988இல் பிராட்டிஸ்லாவாவில் அதிகம் அறியப்படாமலே இறந்தார். பிற்காலத்தில் இருவருக்கும் இடையே நெருக்கம் குறைந்தது. அறிக்கையில் இருவரின் பங்கும் சமம். வெர்பாவின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவது தவறு.

எந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்? நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

ஆஷ்விட்ஸ் முகாம் 1947 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1979இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்துவர வேண்டாம் என்று அருங்காட்சியகம் பரிந்துரைக்கிறது. வீட்டிலும் வகுப்பிலும் சொல்வதற்கும் ஏறக்குறைய அதே வயது பொருந்தும் என்று நினைக்கிறேன். அதற்குக் குறைந்த வயதினருக்கு, பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு மாணவன் தானாக மொழி கற்ற பகுதியையும், நிலப்படத்தை மனப்பாடம் செய்து மலை தாண்டிய பகுதியையும் சொல்லலாம். மேடையில் நடந்ததை அவர்கள் சற்று வளர்ந்தபின் சொல்லலாம். நடக்க வலுவுள்ள இளைஞர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2014 முதல், இருவரும் நடந்த பாதையிலேயே ஆஷ்விட்ஸிலிருந்து ஜிலினா வரை நினைவு நடைப்பயணம் நடத்தப்பட்டு வருகிறது. வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்தவர்கள் அதில் கலந்துகொள்கிறார்கள்.